315 கிராமில் முக்கால் மணி நேரம்: மோலிசெல் பேக்கும் மற்ற புதுச் சரக்குகளும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ரிமோட்டில் ஓட்டுகிற, இரண்டு மீட்டர் இறக்கை வைத்த ஃபோம் பிளேன், அதை நிதானமாக வட்டமடிக்க விட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் சந்தோஷம் என்றால், மோலிசெல் கம்பெனியின் பி45பி செல் நான்கைக் கோத்த பேட்டரி பேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். செங்குத்தாக ஏற்றுவேன், தலைகீழாகப் புரட்டுவேன், தரையை உரசி இழுப்பேன் என்கிறவரா? பழைய லிப்போவே (லித்தியம் பாலிமர் பேட்டரி) இருக்கட்டும். இதை வாங்கிவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

நான் கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். பம்புசெட் மோட்டார்தான் சோறு போடுகிறது. ஆர்சி என்கிற ரிமோட் பிளேன் அந்தச் சோற்றில் ஒரு பங்கைத் தின்கிறது. நிக்கல் காட்மியம் காலத்திலிருந்து இந்தப் பைத்தியம் உண்டு. செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 7.2. அதைத் தூக்கிக்கொண்டு பிளேன் தரையை விட்டுக் கிளம்புவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. லிப்போ வந்த பிறகு தூக்குவது பிரச்சினையாக இல்லை, நேரம்தான் பிரச்சினை. இப்போது நேரத்துக்கும் வழி வந்திருக்கிறது. ஆனால் கடைக்காரர்கள் "புது டெக்னாலஜி" என்று நீட்டுகிற எல்லாமே அந்த வழி இல்லை. அதனால் இந்த ஒரு பேக்கோடு நிறுத்தாமல், நான் கையில் தொட்டுப் பார்த்த மற்றவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் செல். 21700 என்பது அளவு: 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். பி45பி ஒரு செல்லுக்கு 4,500 மில்லி ஆம்ப் ஹவர், தொடர்ந்து 45 ஆம்ப் வரை தரலாம் என்று கம்பெனி எழுதியிருக்கிறது. எடை 70 கிராம். தயாரிப்பவர்கள் தைவான்காரர்கள். கம்பெனியின் வேர் கனடாவில், 1977-ல் ஆரம்பித்தது. 1989-ல் இவர்களுடைய அந்தக் காலத்து லித்தியம் உலோக பேட்டரி ஜப்பானில் கைபேசியில் தீப்பிடித்து, விற்றதை எல்லாம் திரும்பப் பெற வேண்டியதாகிவிட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, லித்தியத்தை உலோகமாக வைக்காமல் கார்பனுக்குள் புகுந்து வெளியேற விடும் பேட்டரியைச் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஃபோனிலும் பிளேனிலும் இருப்பது அந்த வழிதான். அப்படி அடிபட்ட கம்பெனியின் செல்லை இன்றைக்கு உலகம் முழுக்க நீண்ட தூரம் பறக்கவிடுகிறவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

நான்கு செல், நிக்கல் பட்டை, எக்ஸ்டி60 கனெக்டர், செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்கிற பேலன்ஸ் ஒயர், மேலே உறை என்று எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் 315 கிராம். 14.4 வோல்ட்டை 4.5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 65 வாட் ஹவர். கிலோவுக்கு 200-க்குக் கொஞ்சம் மேலே. நான் அதற்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த 4,000 மில்லி ஆம்ப் ஹவர் லிப்போ 410 கிராம், 59 வாட் ஹவர். கிலோவுக்கு 144. எடை குறைந்து சரக்கு கூடுகிறது, அவ்வளவுதான் சங்கதி.

என் பிளேன் மொத்தம் 1.6 கிலோ, பின்பக்கம் தள்ளுகிற மோட்டார். காற்றில்லாத காலையில் மட்டமாகப் பறக்க ஐந்தரை ஆம்ப்புக்குள் எடுக்கிறது. பழைய லிப்போவில் இருபது சதவீதம் மிச்சம் வைத்து இறக்கினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். இந்தப் பேக்கில் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இறக்கியும் முக்கால் மணி நேரம் வருகிறது. கூடவே கழுத்து வலியும் வருகிறது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். லிப்போவை 3.5 வோல்ட்டில் இறக்கிவிடுவோம், அதற்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, சட்டென்று சரிந்துவிடும். இந்த உருளைச் செல்லில் 3.5-க்குக் கீழேயும் நல்ல பங்கு சரக்கு இருக்கிறது. 3.5-லேயே இறக்குவேன் என்று பழைய பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டால், காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதியைத் தொடாமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, குறை. பம்பு பாஷையில் சொன்னால் இது பெரிய தொட்டி, சின்னக் குழாய். என் சார்ஜர் காட்டுகிற உள்தடை செல்லுக்கு 12 முதல் 14 மில்லி ஓம். நல்ல லிப்போவில் அது 3, 4-தான். முழு த்ராட்டில், அதாவது முழு வேகம், கொடுத்தால் என் மோட்டார் 28 ஆம்ப் இழுக்கும். நான்கு செல், செல்லுக்கு 14 மில்லி ஓம், 28 ஆம்ப் என்று பெருக்கிப் பாருங்கள். ஒன்றரை வோல்ட் பேக்குக்குள்ளேயே சூடாகப் போய்விடுகிறது. ஏற்றம் மந்தமாக இருக்கிறது. மூக்கைத் தூக்கினால் லிப்போவில் "விர்"ரென்று போகிற பிளேன், இதில் யோசித்து யோசித்துப் போகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னும் மோசம். 45 ஆம்ப் என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். தரும், இல்லை என்று சொல்லவில்லை. எந்த வோல்ட்டில் தரும் என்பதுதான் கேள்வி.

இதில் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஈஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட். பல ஈஎஸ்சி லிப்போவுக்கென்று செல்லுக்கு 3.2, 3.3 வோல்ட் சுற்றி மோட்டாரை நிறுத்துகிற மாதிரி வரும். ஓய்வில் 14 வோல்ட் காட்டுகிற பேக், முழு த்ராட்டிலில் 12.4-க்கு இறங்கும். ஈஎஸ்சி அதைப் பார்த்து பேட்டரி காலி என்று முடிவு கட்டி, ஏறிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை அணைத்துவிடும். பேட்டரியில் பாதிக்குப் பக்கம் சரக்கு இருக்கும், பிளேன் மரத்தில் இருக்கும். ஆகவே முதல் வேலையாக மோட்டாரை நிறுத்துகிற அந்தக் கட் ஆஃப் வோல்ட்டைக் குறைந்தபட்ச அளவுக்கு இறக்குங்கள், அல்லது அதை அணைத்துவிட்டு பிளேனிலிருந்து கை ரிமோட்டுக்குக் கணக்கு அனுப்புகிற டெலிமெட்ரியில் வோல்ட் அலாரம் வையுங்கள். நான் அலாரக் கட்சி.

மூக்கு கனமும் மாறும். லிப்போவை எடுத்துவிட்டு இதை வைத்தால் முன்பக்கம் நூறு கிராம் குறைகிறது, அதனால் பேக்கை இன்னும் முன்னால் தள்ள வேண்டியிருக்கும். நான்கு செல்லையும் சதுரக் கட்டாகக் கட்டினால் பல பிளேன்களின் மூக்குக்குள் நுழையாது. இரண்டு இரண்டாக நீளவாக்கில் கட்டச் சொல்லுங்கள். 42 மில்லிமீட்டர் அகலம், 145-க்குள் நீளம், ஒரு செல் உயரம். தட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

இனி கட்டுகிற விஷயம். செல்லில் நேராக ஈயம் வைக்கக்கூடாது. சூடு உள்ளே போய், பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரித்து வைக்கிற பிரிப்பானைக் கெடுத்துவிடும். ஸ்பாட் வெல்டிங்தான். எனக்கு முதலில் ஒரு கடையில் கட்டித் தந்தார்கள். பெயர் வேண்டாம். பார்க்க அழகு, நீல உறை, தங்க ஸ்டிக்கர். முழு த்ராட்டிலில் இரண்டு முறை ஏற்றி இறக்கியதும் செல் சாதாரணச் சூடு, பட்டை இருந்த பக்கம் கை வைக்க முடியவில்லை. பிரித்துப் பார்த்தேன். நிக்கல் பட்டை என்று சொல்லி, நிக்கல் முலாம் பூசிய இரும்புத் தகட்டைப் போட்டிருக்கிறார்கள். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். கிரைண்டரில் ஓரத்தைக் காட்டினால் தெரிந்துவிடும். இரும்பு மத்தாப்பு மாதிரி பொறி விடும், சுத்த நிக்கல் ஏதோ பேருக்கு விடும். கிரைண்டர் இல்லாதவர்கள் ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், இரும்பு துருவைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தாங்க போடறாங்க" என்று பதில். எல்லாரும் போடட்டும். இரும்பின் மின்தடை நிக்கலைவிட அதிகம், 28 ஆம்ப் போகிற இடத்தில் அது சும்மா இருக்காது.

அப்புறம் நானே கட்டினேன். 0.15 மில்லிமீட்டர் கனம், 8 மில்லிமீட்டர் அகலம் உள்ள சுத்த நிக்கல் பட்டை, எல்லா இடத்திலும் இரட்டை அடுக்கு. பாசிட்டிவ் முனையைச் சுற்றி ஒரு காகித வளையம் கட்டாயம் வேண்டும். அந்த இடத்தில் செல்லின் உடம்பே நெகட்டிவ், மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. பட்டை உரசி உறை கிழிந்தால் நேரடி ஷார்ட். மோட்டார் ஸ்லாட்டுக்குள் வைக்கிற லெதராய்டு காகிதம் என் பட்டறையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது, அதையே வட்டமாக வெட்டிப் போட்டேன். ஸ்பாட் வெல்டர் இல்லாதவர்கள் செல்லைத் தனியாக வாங்கிக்கொண்டுபோய், பட்டையையும் நீங்களே கொடுத்து, எதிரில் நின்று கட்டி வாங்குங்கள்.

செல் வாங்கும்போது தராசு எடுத்துக்கொண்டு போவது உத்தமம். 21700 என்றால் 70 கிராம் சுற்றி இருக்க வேண்டும், அதைவிடச் சின்ன அளவான 18650 என்றால் 45-லிருந்து 48. ஆன்லைனில் 9,900 மில்லி ஆம்ப் ஹவர் என்று அச்சடித்து விற்கிற 18650 செல்லைக் கையில் எடுத்தாலே காற்று போன மாதிரி இருக்கும். நல்ல 18650 செல்லே 3,500 சுற்றித்தான் நிற்கிறது.

சார்ஜ் செய்வதில் புதுமை ஒன்றும் இல்லை. லிப்போ மாதிரி 4.2 வோல்ட் வரை, பேலன்ஸ் ஒயர் போட்டு, நான்கரை ஆம்ப்பில். இந்த வெயிலூரில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: லிப்போவை முழுதாகச் சார்ஜ் செய்து வைத்து, மழை வந்து பறக்கப் போகவில்லை என்றால், அடுத்த வாரம் தலையணை மாதிரி உப்பிக் கிடக்கும். இந்த எஃகு உருளை அப்படி உப்பாது. அதற்காக முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று இல்லை. சும்மா வைப்பதாக இருந்தால் இதையும் 3.7, 3.8-க்கு இறக்கித்தான் வைக்கிறேன்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆனி, ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு வரும். அந்த மாதங்களில் ஐந்து ஆம்ப் என்கிற கணக்கெல்லாம் செல்லாது. எதிர்க்காற்றில் நின்ற இடத்தில் நிற்கவே எட்டு ஒன்பது ஆம்ப் எடுக்கும். காற்றுக் காலத்துக்கு நான் லிப்போவைத்தான் எடுத்துப் போகிறேன். அப்புறம், முக்கால் மணி நேரம் ஓடும் என்பதற்காகக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு: 2021 டிரோன் விதிகளில் பொழுதுபோக்கு மாடலுக்குச் சலுகை இருப்பதே கண் பார்வைக்குள் ஓட்டுவதற்காகத்தான். எங்களுக்கு ஒரு பக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கிணத்துக்கடவு தாண்டித்தான் இடம் தேடுகிறோம்.

மற்ற சரக்குகளுக்கு வருவோம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், நம் ஆட்கள் லைஃப் என்று சொல்வது. இது புதுசே இல்லை. 2006, 2007 வாக்கில் அமெரிக்காவில் டிவால்ட் கம்பெனியின் 36 வோல்ட் டிரில் பேட்டரியை வாங்கி உடைத்து, உள்ளே இருந்த ஏ123 செல்லை எடுத்துப் பிளேனுக்கும் காருக்கும் போட்டார்கள். 26650 அளவு, 2,300 மில்லி ஆம்ப் ஹவர், 70 கிராம். அதே 70 கிராமில் இன்று மோலிசெல் இரண்டு மடங்கு தருகிறது, வோல்ட்டும் அதிகம். ஆகவே பறக்க வைப்பதற்கு இனி அது வேண்டாம். ஆனால் பெட்ரோல் இன்ஜின் பிளேனில் ரிசீவருக்கும், மடல்களை அசைக்கிற சின்ன சர்வோ மோட்டாருக்கும் இதைவிட நல்லது கிடையாது. இரண்டு செல் போட்டால் 6.6 வோல்ட், ரெகுலேட்டர் இல்லாமல் நேராகக் கொடுக்கலாம். லேசில் தீப்பிடிக்காது, வருடக்கணக்கில் உழைக்கும். என் பெட்ரோல் பிளேனில் போட்ட ஜோடியை நான் மறந்தே போகும் அளவுக்கு ஒழுங்காக இருக்கிறது.

கிராஃபீன் என்று எழுதிய லிப்போ: அதுவும் லிப்போதான். சில பேக் நன்றாகவே இருக்கிறது, உள்தடை குறைவு. அதற்குக் காரணம் நல்ல செல், ஸ்டிக்கர் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

சோடியம் அயான் செல் இப்போது 18650 அளவில் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. 1,500 மில்லி ஆம்ப் ஹவர் சுற்றி, மூன்று வோல்ட் சுற்றி. முழு சார்ஜில் 4 வோல்ட், காலியானால் 1.5. நான்கு செல் போட்டால் 16-லிருந்து 6 வோல்ட் வரை ஊசலாடும். ஆரம்பத்தில் ஒரு பிளேன், முடிவில் வேறு பிளேன். பட்டறை லைட்டுக்குப் போடுவேன், வானத்துக்கு வேண்டாம்.

உள்ளே திரவம் குறைந்த செமி சாலிட் பேக் கிலோவுக்கு 300 வாட் ஹவர் என்று விளம்பரம் வருகிறது. சர்வே டிரோன்காரர்களுக்கான பெரிய பேக், பெரிய விலை, மெதுவாகத்தான் சரக்கை வெளியே விடும். சிலிக்கான் ஆனோடு போட்ட ஆம்ப்ரியஸ் செல் அதையும் தாண்டிப் போகிறது, சூரிய ஒளியில் பறக்கிற ஏர்பஸ்ஸின் செஃபிர் ஆளில்லா விமானத்துக்குச் செல் கொடுத்தவர்கள் அவர்கள். 2022-ல் அந்த செஃபிர் 64 நாள் இறங்காமல் பறந்தது. என் கைக்கு இரண்டுமே வரவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் எடுக்கிற ஃபியூல் செல் கைக்கு வந்தது. அக்கா மகன் படிக்கிற பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில், சிங்கப்பூர் ஹொரைசன் கம்பெனியின் 30 வாட் ஸ்டேக் (செல் அடுக்கு) ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆர்சி காருக்கென்று அந்தக் கம்பெனி இதே 30 வாட் கணக்கில் ஒரு செட்டே விற்றது. ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான். ஒரு பக்கம் மின்விசிறி ஓடுகிறது, ஹைட்ரஜன் டப்பாவைத் திருகினால் விளக்கு எரிகிறது, குழாய் முனையில் ஈரம் கசிகிறது.

"மாமா, புகையே இல்லீங்க. தண்ணிதான் வருது பாருங்க."

"தண்ணி வரட்டும் கண்ணு. வாட் எவ்வளவு வருது?"

முப்பதுதான். பதினான்கு செல், 8.4 வோல்ட், 3.6 ஆம்ப். ஸ்டேக்கின் எடை 280 கிராம். என் 315 கிராம் பேக் முழு த்ராட்டிலில் 390 வாட் தள்ளுகிறது. என் பிளேன் மட்டமாக மிதக்கவே 80 வாட் வேண்டும். ஹைட்ரஜன் டப்பா தனி. சிகரெட் லைட்டரைப் பெரிதாக்கிய மாதிரி ஒரு சிலிண்டர், உள்ளே உலோகப் பொடி ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கிறது. பத்து லிட்டர் கொள்ளும். ஸ்டேக் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 0.42 லிட்டர் குடிக்கிறது. 24 நிமிடத்தில் டப்பா காலி, கிடைத்தது 12 வாட் ஹவர். ஒரே ஒரு மோலிசெல் 16 தருகிறது.

வேலை செய்கிற விதம் அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. ஹைட்ரஜனின் புரோட்டானை மட்டும் விடும், எலெக்ட்ரானை விடாது. அது ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது, அந்தச் சுற்றுதான் நம் கரண்ட். ஆனால் சட்டென்று த்ராட்டில் கொடுத்தால் கூடவே எழுந்து வராது, அதனால் பக்கத்தில் ஒரு சின்ன லித்தியம் பேக் வைத்து உதவ வேண்டும். வாயு வெளியே வர வர டப்பா குளிர்ந்துபோய் அழுத்தம் குறையும், அதைச் சூடு காட்ட வேண்டும். ஹைட்ரஜன் 99.99 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக இருக்க வேண்டும், மீண்டும் நிரப்ப மேஜை மேல் வைக்கிற இயந்திரம் ஒன்று வேண்டும். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தரிசில் நின்றுகொண்டு இதற்கெல்லாம் எங்கே போவது?

ஃபியூல் செல்லுக்கும் இடம் இருக்கிறது, நம் அளவில்தான் இல்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் அயான் டைகர் என்ற ஆளில்லா விமானம், 17 கிலோ, 550 வாட் ஃபியூல் செல். 2009-ல் அழுத்திய ஹைட்ரஜனில் 26 மணி நேரம், 2013-ல் திரவ ஹைட்ரஜனில் 48 மணி நேரம் பறந்தது. ஸ்டேக்கும் விசிறியும் வால்வும் ஒருமுறை சுமக்கிற பாரம். அதற்குப் பிறகு கூட்டிக்கொண்டே போவது ஹைட்ரஜனை மட்டும்தான், அது கிராமுக்கு 33 வாட் ஹவர் அடக்கியது. ஒரு நாள் முழுக்கப் பறக்க வேண்டும் என்றால் அந்தப் பாரம் ஈடாகிவிடும். முக்கால் மணி நேரத்துக்கு ஈடாகாது.

ஆக, பேட்டரி வாங்கப் போகும் முன் மில்லி ஆம்ப் ஹவரைப் பார்க்காதீர்கள். ஒரு வாட் மீட்டரை வாங்கி உங்கள் பிளேன் மிதக்க எத்தனை ஆம்ப், ஏற எத்தனை ஆம்ப் என்று அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிதக்க எட்டு ஆம்ப்புக்குள், ஏற முப்பதுக்குள் என்றால் பி45பி ஒரு வரிசை போதும். அதற்கு மேலே போனால் இரண்டு வரிசையை இணையாகப் போட வேண்டும், எடை 600-ஐத் தாண்டும். பிளேன் அதைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் லிப்போவுக்கே போங்கள்.

செலவு: செல் ஒன்று ஐந்நூறு ரூபாய்க்கு மேலே, கட்டுக்கூலி, பட்டை, ஒயர் எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது. நல்ல லிப்போ இதைவிட அதிகம். கூரியரில் பேட்டரி என்று எழுதினால் சிலர் எடுப்பதில்லை, தரை வழி அனுப்புகிற விற்பனையாளரிடம் வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் 65 வாட் ஹவர், நூறுக்குள் இருக்கிறது, கைப்பையில் போகலாம், செக்-இன் பெட்டியில் கூடாது. கனெக்டருக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் வாட் ஹவர் எழுதிய லேபிளும் இருக்கட்டும். நான் கட்டிய பேக்கில் லேபிள் இல்லை என்று மருமகன் ஒன்றை அச்சடித்து ஒட்டியிருக்கிறான், அதில் கடைப் பெயர் இருக்கிற இடத்தில் என் பட்டறைப் பெயர்.